கடைசியாக எழுதியதுதான் ஜெயிக்கணுமா?

ரயிலில் நெட் இல்லாமல் லேப்டாப்பில் என் கல்வெட்டுக் குறிப்புகளைத் திருத்தினேன். அதே கோப்பில் முந்தின இரவு வீட்டுக் கணினியில் எழுதியது அதுவரை சர்வருக்கே போகவில்லை. இரண்டும் சந்தித்தபோது, நான் வைத்திருந்த சேவை பிந்தைய நேரமுத்திரையை மட்டும் பார்த்தது. இரவு எழுதிய இருபது வரி போச்சு.

'கடைசியாக எழுதியது ஜெயிக்கும்' என்ற இந்த விதி எனக்கு ஒப்பவில்லை. நேரத்தில் பிந்தியது என்பதால் முந்தையதைப் பார்த்து எழுதியது என்று ஆகிவிடாது. கணினிக் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்ற உறுதியும் இல்லை. இதற்குத்தான் 1983-லேயே வெர்ஷன் வெக்டர் வந்தது. ஒவ்வொரு கணினியின் திருத்தங்களையும் தனித்தனியே எண்ணும். எதுவும் மற்றதை உள்ளடக்கவில்லை என்றால் அது மோதல்.

டிராப்பாக்ஸ், சின்க்திங் இரண்டுமே மோதும் நகலை வேறு பெயரில் வைத்துவிடுகின்றன. எதுவும் தொலையாது, சரி. ஆனால் இது பாதி வேலைதான். ஒரு வரி ஒரு நகலில் இருக்கிறது, மற்றதில் இல்லை. அது சேர்த்ததா, நீக்கியதா? பிரிவதற்கு முந்தைய மூலப் பிரதியைப் பார்த்தால்தான் தெரியும். கிட் அதையும் எடுத்து மூன்றையும் ஒப்பிடுகிறது. பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் சேவைகள், மோதல் வரும்போது அந்த மூலத்தையும் பக்கத்தில் வைத்தால் என்ன?