சரியாக நிராகரிக்கப்படும் உரிமை

“பொம்பளைங்க சிரிக்கிற மாதிரி இருக்கும்மா. ஆடியன்ஸ் சிரிக்கிற மாதிரி இல்ல.”

என் பழைய மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டுபோன நகைச்சுவைக் காட்சியைப் படித்துவிட்டு, சாலிகிராமத்தில் ஓர் அலுவலகத்தில் சொல்லப்பட்டது இது. தொலைபேசியில் அவள் இதைச் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். நல்ல வசனம், காட்சியிலேயே வைத்திருக்கலாம். பிறகுதான் அதன் இலக்கணம் உறைத்தது. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் பெண்கள் எல்லாரும் தியேட்டரிலிருந்து எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, “தங்கச்சியா நெனச்சு சொல்றேன்” என்றும் சொல்லியிருக்கிறார்.

காட்சி இதுதான். சாவு வீடு. கிழவி கிடத்தப்பட்டிருக்கிறாள். மூன்று மருமகள்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இழுவை குறையாமல், அதே ராகத்தில், நடு மருமகள் மூத்தவளிடம் பீரோ சாவி எங்கே என்று கேட்கிறாள். மூத்தவள் மாரில் அடித்துக்கொண்டே சாவி இருக்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களையும் ராகத்தில் சொல்கிறாள். இளையவள் மட்டும் உண்மையாகவே அழுகிறாள். மற்ற இருவருக்கும் அவள்மேல்தான் சந்தேகம்.

கிராமத்துச் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது கற்பனையாகவே படாது. செத்தவரையும் இருப்பவரையும் ஒரே மூச்சில் குத்திக்காட்டும் வரிகள் ஒப்பாரியில் எப்போதும் உண்டு. கல்யாண வீட்டில் சம்பந்தியை ஏசிப் பாடுகிற பாட்டுகளும் பெண்கள் கட்டியவைதாம். சிரிக்கவைப்பது நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய வித்தை இல்லை. காசு தரும் இடத்துக்கு அது வரும்போதுதான் ‘ஆடியன்ஸ்’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது.

தமிழ் ஆசிரியை என்பதால் தொல்காப்பியத்துக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதே நூல் களவியலில் அச்சம், நாண், மடன் மூன்றையும் பெண்பாலுக்கு உரியவை என்கிறது. ஆக, பெண்ணுக்கு அணியாகச் சொல்லப்பட்ட ஒன்றே சிரிப்புக்குக் காரணமாகவும் நிற்கிறது. இரண்டு மடனும் ஒன்றல்ல என்று வாதிட இடமுண்டு. என் வாய்மொழித் தேர்வில் நானே வாதிட்டிருக்கிறேன். ஆனால் நம் திரைப்படங்களைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்று படுகிறது. நால்வகையில் எள்ளல் ஒன்றில்தான் சிரிப்பவருக்கு வேலை இருக்கிறது. மற்ற மூன்றில் யாரோ ஒருவர் சின்னவராக, அறியாதவராக எதிரே நிற்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெண் எப்போதும் தேவைப்பட்டாள். எள்ளும் இடத்துக்குத்தான் அவளை அழைக்கவில்லை.

‘தில்லானா மோகனாம்பா’ளின் (1968) ஜில் ஜில் ரமாமணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்த மனோரமாவின் நாக்கு, வட்டாரப் பேச்சு, ஒரு நொடி தாமதித்து வரும் அந்தப் பார்வை. அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு வசனகர்த்தாவுடையது, எத்தனை பங்கு மனோரமாவுடையது என்று எந்த டைட்டில் கார்டும் சொல்லாது. கோவை சரளாவும் வடிவேலுவும் சேர்ந்த காட்சிகளில் புருஷனை அடிக்கும் பெண்டாட்டியைப் பார்த்து ஊரே சிரித்தது. அது பெண்ணின் பழிவாங்கலா, பெண்ணைப் பற்றிய ஆணின் பயமா என்று வகுப்பில் கேட்டால் மாணவிகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நான் இரண்டாவது கட்சி.

எழுத்தாளர் பெயர் மறைவது ஆணுக்கும் நடப்பதுதான். ‘கரகாட்டக்கார’னின் (1989) வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன் என்பது, அதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் பெயர் தெரியாமல் போன ஆணுக்கும் உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. கிரேஸி மோகன் கல்லூரி மேடையில் தொடங்கி சபா மேடைக்கு வந்தவர். சபா ஒரு பள்ளிக்கூடம். இன்று விழாத நகைச்சுவையை அடுத்த காட்சிக்குள் மாற்றிவிடலாம். நாற்பதாம் காட்சியில் நாடகம் வேறு நாடகமாகியிருக்கும். பார்வையாளர்கள் அங்கே தினமும் நிராகரித்தார்கள், தினமும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நாடகங்களில் நாயகியின் பெயர் பெரும்பாலும் ஜானகி. தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது என்று அவர் சொன்னதுண்டு. ஓர் ஆசிரியை ஒரு பையனை மேடையேற்றினார். அந்த மேடைக்கு எழுதப் பெண்கள் வந்திருந்தால் ஜானகிகள் வேறுமாதிரி பேசியிருப்பார்கள் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

சினிமாவில் அந்தப் பள்ளிக்கூடம் டிஸ்கஷன் அறை. ஹோட்டல் அறையோ வாடகை ஃப்ளாட்டோ, ஏழெட்டு உதவி இயக்குநர்கள், டீ, புகை, நள்ளிரவு. ஒருவன் ஒரு வரி சொல்வான். சிரிப்பு வராவிட்டால், “போடா, மொக்கை” என்பார்கள். அவமானம்தான். ஆனால் அடுத்த நிமிடமே அவன் அதைத் திருப்பிப் போட்டுச் சொல்லலாம். இந்த ‘போடா, மொக்கை’ விலைமதிப்பற்ற விமர்சனம். என் மாணவி அந்த அறைக்குள் மூன்று முறைதான் போயிருக்கிறாள். அவள் சொன்ன வரிக்கு யாருமே மொக்கை என்று சொல்லவில்லை. “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பத்து மணிக்கு, “லேட்டாயிடுச்சு, நீ கெளம்பும்மா” என்றார்கள். அந்த அறை சூடுபிடிப்பதே பதினொரு மணிக்குமேல்தான்.

என் கதையும் சொல்ல வேண்டும். சுமார் இருபது வருடங்களுக்கு முன், ஒரு தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடருக்கு ஆறு எபிசோடுகள் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: “நீங்க கவிதை எழுதுறவங்கதானே மேடம்? செண்டிமெண்ட் சீன் எழுதுங்க, உங்களுக்கு நல்லா வரும்.” அழவைக்க அனுமதி உண்டு, சிரிக்கவைக்க இல்லை என்று கொதித்துப்போய் எழுதுவதையே விட்டுவிட்டேன். அந்தக் கொதிப்பு நியாயமானதுதான். ஆனால் சென்ற வருடம் வீடு மாற்றும்போது அந்தத் தாள்கள் கிடைத்தன. படித்தேன். ஆறில் நான்கு மோசம். எல்லாப் பாத்திரங்களும் விரிவுரையாளரைப் போலப் பேசுகிறார்கள். சிரிக்க வேண்டிய இடம் கடந்த பிறகு ஒருத்தி அதற்கு உரை எழுதுகிறாள். இரண்டு மட்டும் நன்றாக இருந்தன, இன்றும் சிரித்தேன். நான்குக்கும் இரண்டுக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்.

எனக்கு நடந்த அநியாயம் எது என்பது அப்போதுதான் புரிந்தது. பெண் என்பதால் மறுத்தார்கள் என்பது பாதிதான். மறுப்பின் காரணம் என் எழுத்தைத் தொடவே இல்லை. அதனால் எது என் பிழை, எது அவர்கள் பிழை என்று பிரித்தறியும் வழி அடைபட்டது. எல்லாப் பழியையும் ஆணாதிக்கத்தின்மேல் போட்டால் என் மோசமான நான்கும் தப்பித்துவிடுகின்றன. எல்லாவற்றையும் என்மேல் போட்டுக்கொண்டால் நல்ல இரண்டும் செத்துப்போகின்றன. நான் செய்தது இரண்டாவது.

“மனசைத் தளர விடாதே, தோல் தடிக்கணும்” என்று ஆறுதல் சொல்பவர்கள் மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது. தோல் தடித்தவர்களால் நகைச்சுவை எழுத முடியாது. ராகத்தில் சாவி கேட்பவளின் குரல் உறைக்கக் காது மெல்லியதாக இருக்க வேண்டும்.

பெண்ணியர்களான நாமும் இதில் சுத்தமில்லை. உடலைப் பற்றி எழுதியதற்காக வசை வாங்கிய கவிஞர்கள் பக்கம் நின்றோம். சிரிக்கவைக்கும் பெண்ணை எத்தனை பேர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்? ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி, ‘குமுதினி’ என்ற பெயரில் 1930களிலேயே ஆனந்த விகடனில் எழுதினார். அவருடைய சீதை மிதிலையில் இருக்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். கவலை எல்லாம் புடவையைப் பற்றி. பட்டாபிஷேகம் வனவாசமாக மாறுவது அந்தப் புடவைக் கவலைக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. காப்பியத்தை அடுப்படி வழியாகக் கவிழ்க்கும் இந்த எள்ளலை நம் பாடத்திட்டங்களில் நான் பார்த்ததில்லை. இந்தத் தொகுப்புக்கும் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது வலி பற்றிய கட்டுரைதான்.

மாணவி போன மாதம் மறுபடி அழைத்தாள். நகரத்தில் ஒரு கஃபேயில் ‘ஓபன் மைக்’ நடத்துகிறார்களாம். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒப்பாரிக் காட்சியைத் தனியாளாக, மூன்று குரலில் செய்திருக்கிறாள்.

“என்னடி ஆச்சு?”

“சாவி கேக்குற எடத்துல சிரிச்சாங்க மேம். கடைசில இளையவ அழறதுக்கு ஒருத்தர்கூட சிரிக்கல. ஃபேன் சத்தம் கேட்டுது.”

குரலில் ஒரு துள்ளல். என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன்.

“ஏன் சிரிக்கலன்னு தெரிஞ்சுடுச்சு மேம். அவளை நான் முன்னாடியே அழ விட்டுட்டேன்.”

அடுத்த வாரத்துக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறாளாம்.