தவுராசியும் மதுரைச் சுக்காவும்

இத்தாலியின் தென்பகுதியில், நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட கம்பானியா மாநிலத்தின் உள்நாட்டு மலைச்சரிவுகளில் விளையும் அலியானிக்கோ என்னும் கருந்திராட்சை, மற்ற திராட்சைகள் பறித்து முடிந்த பின்னும் கொடியிலேயே நின்று, பெரும்பாலும் அக்டோபர் இறுதியில், சில ஆண்டுகளில் நவம்பரிலும் பறிக்கப்படுகிறது. உயரமான நிலத்தின் குளிர்ந்த இரவுகள் அதன் புளிப்பைக் காக்க, நீண்ட பருவம் தோலில் துவர்ப்பை ஏற்றுகிறது. இதிலிருந்து எடுக்கப்படும் தவுராசி, தென்னித்தாலியச் செவ்வொயின்களில் வலிமை மிக்கது என்று சொல்லத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவர்கள் பலர் மிகுந்த விளைச்சல் தரும் வேறு திராட்சைகளை நாடியபோது, ஒயின் தயாரிப்பாளர் அந்தோனியோ மாஸ்த்ரோபெரார்தினோ இந்தப் பழங்கொடியை விடாது போற்றினார். அவர் இல்லத்து 1968ஆம் ஆண்டுத் தவுராசியை ஒயின் அறிந்தோர் இன்றும் வியந்து பேசுகின்றனர். 1993இல் இத்தாலிய அரசு ஒயினுக்கு வழங்கும் மிக உயர்ந்த புவிசார் தகுதி தவுராசிக்குக் கிடைத்தது. அந்த விதிப்படி மூன்றாண்டுகள் முதிர்ந்த பின்னரே, அவற்றுள் ஓராண்டேனும் மரப்பீப்பாயில் இருந்த பின்னரே, அது விற்பனைக்கு வர முடியும்.

இளமையில் இந்த ஒயின் கடுமையானது. முதல் மிடறிலேயே, நாவற்பழம் தின்ற நாக்கைப் போல, வாய் முழுவதும் இறுகி வறண்டுவிடும். டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். அந்த இறுக்கம் தளர்ந்த பின்னரே கருஞ்செர்ரியின் புளிப்பும், அதற்கடியில் புகை, பதனிட்ட தோல், உலர்ந்த புகையிலை ஆகியவற்றின் மணமும் மெல்ல எழுகின்றன.

கம்பானிய ஒயின் பண்டைத் தமிழகத்துக்குப் புதியதன்று. முசிறி எனக் கருதப்படும், இன்றைய கேரளத்திலுள்ள பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த ரோமானியச் சாடியோடுகள் பலவற்றில் வெசூவியஸ் வட்டாரத்து எரிமலைக் கருமணல் கலந்திருப்பது, அவை கம்பானியாவில் வனையப்பட்டவை என்பதை உணர்த்துகிறது. வைகை கடலில் கலக்குமிடத்தை அடுத்த அழகன்குளத்திலும் இவ்வகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்க வேண்டும் என நக்கீரர் வாழ்த்துவதும் (புறநானூறு 56) அந்த வணிகத்தின் சாயலே. எனினும் சாடியின் உட்புறம் கீல் பூசி, அருந்தும்போது நீர் கலந்த அக்கால ஒயினை இன்றைய தவுராசியோடு ஒன்றாக்குதல் பொருந்தாது.

காரம் மிகுந்த நம் உணவுக்குச் செவ்வொயின் ஒவ்வாது என்னும் பரவலான கருத்தில் பாதியே உண்மை. மிளகாயின் எரிவு ஒயினின் சாராய வெம்மையையும் துவர்ப்பையும் பெருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மதுரையின் மட்டன் சுக்கா, நன்கு செய்யப்படும்போது, மிளகாயை நம்பி நிற்பதன்று. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கி, வெள்ளாட்டுக்கறி தன் கொழுப்பிலேயே சுருண்டு, இறுதியில் தூவிய மிளகு கறித்துண்டின் ஓரங்களில் கருகிப் படிந்திருக்கும் பதத்தில், தவுராசிக்கு அதனினும் நல்ல துணை இத்தாலியிலேயே அரிது. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தம்பால் ஈர்த்து மழுங்கச் செய்ய, ஒயினின் புளிப்பு நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடுகிறது. மிளகின் மணமோ புகைமணத்தோடு இயல்பாகவே கலந்துவிடுகிறது. கோலா உருண்டையும் ஏற்றதே. அயிரைமீன் குழம்பு, எவ்வளவு சிறந்ததாயினும், இதனோடு சேராது. மீனெண்ணெயோடு ஒயினிலுள்ள இரும்பு சேரும்போது வாயில் உலோகச் சுவை எழும்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தேனி சாலை வழியே காளவாசலைக் கடந்து மதுரைக்குள் வரும் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மணத்தில் அலியானிக்கோவை விஞ்சுவது. ஆனால் அதன் இனிமையும் மென்மையும் சுக்காவின் முன் நிற்க மாட்டா.

மதுரையின் வெயிலில் ‘அறை வெப்பம்’ என்னும் ஐரோப்பிய அளவுகோல் பயன்படாது. புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து 18 பாகை அளவுக்குக் கொணர்ந்து, வாயகன்ற கலத்தில் ஊற்றி ஒரு மணி நேரமேனும் காற்றாட விட்ட பின்னரே பரிமாறுதல் நன்று. பதினைந்தாண்டு முதிர்ந்த புட்டிக்கு மட்டும் சுக்காவும் மிகை; அதற்கு உப்பும் மிளகும் இட்டு வறுத்த ஈரலே போதும்.