ஆற்றின் இக்கரையில்: ‘பெர்ல்’ கவிதையும் இன்றைய மாணவரின் எதிர்வினையும்

முன்னுரை

இடைக்கால இலக்கியத்தைக் கற்பிப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றுண்டு. 600 ஆண்டுகளுக்கு முற்பட்ட கவிதை ஒன்றைப் படிக்கும் மாணவர் தம் காலத்து உணர்வோடு அதற்கு மறுமொழி கூறுகிறார். அம்மறுமொழியை ஆசிரியர் என்ன செய்வது? அக்காலச் சூழலை அறியாதவர் கூற்று என ஒதுக்குவதா, வாசகரின் உரிமை என ஏற்றுக்கொள்வதா? 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ‘பெர்ல்’ (முத்து) என்னும் ஆங்கிலக் கவிதையையும், அதனை நம் ஒப்பிலக்கிய வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர் எழுதிய ஒப்படைப்பையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கவிதையும் ஏடும்

‘பெர்ல்’ கவிதையை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. அவர் சாசரின் காலத்தவர். எனினும் சாசர் எழுதிய இலண்டன் வட்டார மொழியில் எழுதாமல், இங்கிலாந்தின் வடமேற்கு மிட்லண்ட்ஸ் வட்டார வழக்கில் எழுதியவர். இக்கவிதை ஒரே ஒரு கையெழுத்துப் படியில் மட்டுமே எஞ்சியுள்ளது. ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ உள்ளிட்ட வேறு மூன்று கவிதைகளும் அதே படியில் உள்ளன. சர் ராபர்ட் காட்டன் தொகுத்த நூலகத்தைச் சேர்ந்த அப்படி, 1731ஆம் ஆண்டு அந்நூலகத்தில் ஏற்பட்ட தீவிபத்திலிருந்து தப்பியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ‘பெர்ல்’ 1864இல்தான் ரிச்சர்ட் மோரிஸ் என்பவரால் முதன்முதலில் அச்சேறியது.

கவிதையின் பொருள் எளியது. முத்தொன்றை இழந்த நகை வணிகர் ஒருவர், அது மண்ணில் வீழ்ந்த இடத்திலேயே துயருற்றுக் கிடந்து உறங்குகிறார். கனவில் ஓர் ஆற்றின் மறுகரையில் முத்தணிந்த மங்கை ஒருத்தி தோன்றுகிறாள். அவளே அவர் இழந்த முத்து. இரண்டு வயதும் நிரம்பாமல் இறந்த குழந்தை அவள். அத்தையினும் உடன்பிறந்தார் மகளினும் நெருங்கிய உறவினள் என்று மட்டுமே கவிஞர் கூறுகிறார். மகள் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. இருவரும் உரையாடுகின்றனர். அவர் அழுகிறார், அவள் திருத்துகிறாள். இறுதியில் மறுகரையிலுள்ள விண்ணக நகரைக் கண்டு, தடையை மீறி ஆற்றில் இறங்க முனைந்த கணத்தில் அவர் விழித்துக்கொள்கிறார்.

இக்கவிதையின் வடிவம் தமிழ் மாணவருக்கு அந்நியமானதன்று. ஒவ்வொரு செய்யுளின் இறுதியடியில் வரும் முதன்மைச் சொல், அடுத்த செய்யுளின் முதலடியில் மீண்டும் வருகிறது. கவிதையின் இறுதியடி முதலடியை எதிரொலித்து மண்டலித்து முடிகிறது. அடிகளில் மோனை பயில்கிறது. 12 அடிச் செய்யுள்கள் 101 கொண்டது இக்கவிதை. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும் 101 பாடல்களால் ஆனது என்பதை வகுப்பில் மாணவர்களே எடுத்துக்காட்டினர். இவ்விரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அந்தாதி பயின்ற செவிக்கு, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது வெற்றலங்காரமாகத் தோன்றாது. விட்டு அகல இயலாத மனத்தின் இயக்கமாகவே கேட்கும்.

மாணவியின் மூன்று வினாக்கள்

அம்மாணவி, சைமன் ஆர்மிடேஜ் 2016இல் வெளியிட்ட இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பைத் துணையாகக் கொண்டு மூலத்தைப் படித்தவர். அவர்தம் ஒப்படைப்பில் மூன்று வினாக்கள் இருந்தன. ஒன்று: இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை, துயருற்ற தந்தைக்குச் சமய விரிவுரை ஆற்றுவது எவ்வகை ஆறுதல்? இரண்டு: அவளிடம் பரிவின் அடையாளம் ஏன் ஒன்றேனும் இல்லை? மூன்று: அக்குழந்தையின் தாய் எங்கே? ‘இக்கவிதை அழுகின்ற மனிதனை அழவிடாமல் தடுக்கிறது, எனக்கு அதன்மேல் சினமே மிஞ்சுகிறது’ என அவர் தம் ஒப்படைப்பை முடித்திருந்தார்.

அதன் ஓரத்தில் நாம் எழுதிய குறிப்பு ‘காலப்பிறழ்வு’ என்னும் ஒரே சொல். இடைக்காலக் கிறித்தவ வாசகர் இவ்வாறு வினவியிருக்கமாட்டார் என்பது நம் கருத்தாக இருந்தது. இங்கிலாந்தில் முனைவர்ப் பட்ட ஆய்வுக் காலத்தில் நாம் பெற்ற பயிற்சியும் அத்தகையதே. டி. டபிள்யூ. ராபர்ட்சன் 1962இல் வெளியிட்ட சாசர் பற்றிய நூலில், இடைக்காலக் கவிதையை அக்காலச் சமயக் கோட்பாட்டின் துணைகொண்டே படிக்கவேண்டும் என வலியுறுத்தினார். இ. டால்பட் டொனால்ட்சன் முதலியோர் அதனை மறுத்தபோதிலும், முதற்கண் சூழலை அறிக என்னும் பாடம் நம் தலைமுறையினரின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

ஆயினும் அடுத்த பருவத்தில் அதே பாடத்தை மீண்டும் நடத்த வேண்டியபோது, கவிதையை மாணவியின் வினாக்களோடு படித்தோம். நாம் எழுதிய குறிப்பு நிற்கவில்லை.

முதல் வினா: கனவு காண்பவரின் குரல்

முதல் வினா காலப்பிறழ்வு அன்று. கனவு காண்பவரே அதனை வினவுகிறார். தாம் துயரில் தேய, அவள் மட்டும் இன்புற்று வாழ்வதென்ன என்கிறார். அவள் விண்ணக அரசியாக முடிசூடியுள்ளாள் என்று கேட்டதும், இரண்டு ஆண்டுகள்கூட வாழாதவள், ஒரு வேண்டுதலையும் கற்றறியாதவள், அரசியாவது முறையோ என்கிறார். அதனினும் தாழ்ந்த ஒரு நிலையே போதுமானதன்றோ என வாதிடுகிறார். திராட்சைத் தோட்டத்தில் காலைமுதல் உழைத்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே கூலி தரப்பட்ட நற்செய்திக் கதையை அவள் விரித்துரைத்த பின்னரும், அக்கணக்குப் பொருந்தவில்லை என்றே மறுக்கிறார்.

ஆகவே, மாணவியின் சினம் கவிதைக்கு வெளியிலிருந்து வந்ததன்று. கவிஞர் அதனை முன்னுணர்ந்து, கவிதையின் நடுவே ஒரு குரலாக அமைத்துள்ளார். மறுகரையின் விளக்கங்களை மட்டும் ‘இடைக்கால மனப்பாங்கு’ எனவும், இக்கரையின் மறுப்புகளை ‘நவீன உணர்வு’ எனவும் பிரித்தது நம் பிழை. இரண்டும் இடைக்காலத்தவையே.

இவண் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இடைக்கால மக்கள் குழந்தைப் பருவத்தைத் தனியொரு பருவமாகக் கருதவில்லை என்னும் கருத்தை ஃபிலிப் ஆரியெஸ் 1960இல் முன்வைத்தார். குழந்தை இறப்பு மலிந்த காலத்தில் பெற்றோர் பெரிதும் துயருறவில்லை என்னும் எண்ணம் அதன்வழிப் பரவியது. ஷுலமித் ஷஹார் 1990இலும் நிக்கலஸ் ஆர்ம் 2001இலும் வெளியிட்ட நூல்கள் இதற்கு மாறான சான்றுகளைத் திரட்டித் தந்தன. 1348-49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் 1361இல் மீண்டும் வந்தபோது குழந்தைகளைப் பெருமளவில் பலிகொண்டதை அக்காலத்தவரே தனித்துக் குறித்துள்ளனர். கவிதையிலுள்ள குழந்தை எதனால் இறந்தது என்பது கூறப்படவில்லை. ஆனால், குழந்தையை இழந்தவர் அழுவர் என்பதை அறிய அக்கால வாசகருக்கு நம் துணை தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் வினா: செயலில் உள்ள பரிவு

இரண்டாம் வினாவின் நிலை வேறு. பரிவின் அடையாளம் ஒன்றேனும் இல்லை என்பது கவிதைச் சான்றுக்குப் பொருந்தாது. மங்கை முதன்முதலில் தந்தையை எதிர்கொள்ளும்போது, தலையிலிருந்த முடியைக் கழற்றி மகிழ்வோடு வணங்குகிறாள். விண்ணக அரசி மண்ணுலக மனிதரை வணங்குகிறாள்! பின்னர், உயிரோடிருப்பவர் காண இயலாத நகரை அவர் தொலைவிலிருந்தேனும் காண்பதற்கு, அவளே இறைவனிடம் வேண்டி இசைவு பெற்றிருக்கிறாள். அவள் சொற்கள் கடுமையாயினும் செயல்கள் மகளின் செயல்களே.

இவ்விரண்டு இடங்களையும் மாணவி கவனியாது கடந்துள்ளார். பரிவு சொற்களில் வெளிப்படவேண்டும் என்னும் இக்கால எதிர்பார்ப்பு, செயலில் அமைந்த பரிவைக் காணவிடாமல் தடுத்திருக்கிறது. இங்குதான் ஆசிரியரின் திருத்தம் தேவைப்படுகிறது. அத்திருத்தமும் ‘அக்காலத்தில் அவ்வாறுதான்’ என்னும் பொதுக்கூற்றால் அமைதல் கூடாது. கவிதையின் குறிப்பிட்ட அடிகளைச் சுட்டி அமைதல் வேண்டும். உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டுமெனில், ‘காலப்பிறழ்வு’ என்று எழுதிய நாளில் நாமும் அவ்வடிகளை நினைவுகூரவில்லை.

மூன்றாம் வினா: விடையில்லாத இடம்

மூன்றாம் வினாவிற்குக் கவிதையில் விடையில்லை. இறைவனின் தாயாகிய மரியாளைப் பற்றி நெடிது பேசும் கவிதை, இறந்த குழந்தையைப் பெற்றவளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இம்மௌனத்திற்குக் காரணம் கூறல் எளிது. இது தனிமனிதத் துயரைப் பாடும் கவிதை அன்று, சமய உருவகமே என டபிள்யூ. எச். ஸ்கோஃபீல்டு 1904இல் வாதிட்டார். மெய்யான இழப்பொன்றின் இரங்கற்பா இது என்பார் மற்றொரு சாரார். உருவகம் எனின் தாய் இடம்பெற வேண்டியதில்லை. இரங்கற்பா எனின் தாயின் இன்மை உறுத்தும். மாணவியின் வினா, தம்மையறியாமலேயே, ஒரு நூற்றாண்டாக நிகழ்ந்துவரும் விவாதத்தின் நடுப்புள்ளியைத் தொட்டிருக்கிறது.

இத்தகைய வினாவை, கவிதை எதிர்பார்த்த வினா எனவும் கூறவியலாது. தவறான வினா எனவும் தள்ளவியலாது. இடைக்கால இலக்கியம் நமக்கு அயன்மை உடையது என்பதும், அவ்வயன்மையை உணர்வதே அதனை அறிவதற்கான தொடக்கம் என்பதும் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1977இல் விளக்கிய கருத்துகள். தாய் இல்லாத இடத்தைக் கண்டு திடுக்கிடும் வாசகரே அவ்வயன்மையை உணர்ந்தவர். திடுக்கிடாமல் கடந்த நாம், பழக்கத்தினால் அதனை இழந்தவர் எனலாம்.

முடிவுரை

மாணவரின் எதிர்வினைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சில, கவிதைக்குள்ளேயே குரலாக ஒலிப்பவை. அவற்றை அடிகளோடு இணைத்துக்காட்டல் வேண்டும். சில, கவிதைச் சான்றால் திருந்தத்தக்கவை. அவற்றை அடிகளைக்கொண்டே திருத்தல் வேண்டும். சில, கவிதையின் மௌனத்தைச் சுட்டுபவை. அவற்றைத் திறந்த வினாக்களாகவே வைத்திருத்தல் வேண்டும். எது எவ்வகை என்பதைக் கவிதையை மீண்டும் படித்தே துணியவியலும். வரலாற்றுச் சூழல் அப்படிப்பிற்குத் துணை. அதற்கு மாற்று அன்று. ‘காலப்பிறழ்வு’ என்னும் சொல் பல வேளைகளில் மாணவரின் அறியாமையைக் குறிப்பதைவிட, ஆசிரியர் மீண்டும் படிக்காமல் விட்டதையே மறைக்கிறது.

விழித்தெழுந்த தந்தை, தம் முத்தை இறைவனிடம் ஒப்படைக்கிறார். அவர் முழுமையாக ஆறுதல் பெற்றாரா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அவர் தம் வினாக்கள் அனைத்தையும் கேட்ட பின்னரே அந்நிலையை அடைகிறார். கேட்டதற்காகக் கனவு கலையவில்லை, ஆற்றைக் கடக்க முனைந்ததற்காகவே கலைகிறது. அந்த ஒப்படைப்பு இன்னும் நம் மேசையில் உள்ளது. ஓரக்குறிப்பை அடித்துவிட்டு, அதனருகே மங்கை முடியைக் கழற்றும் செய்யுளின் எண்ணை எழுதி, தாயைப் பற்றிய வினாவின்கீழ்க் கோடிட்டுள்ளோம்.