ஆரம்ப உந்துதலும் ஆயுட்பணியும்
சி.வி. வேலுப்பிள்ளையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

நினைவு மலர்களுக்குக் கட்டுரை எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று தொடங்குவார்கள். பின்னர், நாயகர் சிறு வயதில் எதைக் கேட்டார், யாரைப் பார்த்தார், எந்த நூலைப் படித்தார் என்று சொல்லி, அதிலிருந்து நேராக அவருடைய சாதனைகளுக்குத் தாவிவிடுவார்கள். நானும் அப்படி இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இப்போது அவற்றைப் படித்தால் திருப்தி இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன் நான். முளைகள் நிறையவே கண்டிருக்கிறேன். விளைந்தவை சில. முளைக்கும் விளைச்சலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் துணிபு.

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் சி.வி. வேலுப்பிள்ளை. கொட்டகலையில் ரயில் ஏறினால் தலவாக்கலைக்கு அப்பால் வட்டகொடை. அங்குள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் அவர். கங்காணிக் குடும்பம். ஆகவே ஆங்கிலக் கல்வி கிடைத்தது. அந்தப் படிப்பு அவரைத் தாகூரிடம் கொண்டு சேர்த்தது. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது சி.வி.க்கு ஏறத்தாழ இருபது வயது. ஆனால் தாகூருக்கு முன்பே அவர் காதில் விழுந்தது வேறொன்று: லயத்துத் தாலாட்டு, மாரடித்துப் பாடும் ஒப்பாரி, தப்பொலி, காமன் கூத்துப் பாட்டு. இரண்டு ஊற்றுகள். ஒன்று புத்தகத்தின் வழி வந்தது, மற்றையது பிறந்த மண்ணிலேயே ஊறியது.

இனி அவருடைய நூல்களின் வரிசையைப் பார்ப்போம். தேயிலைத் தோட்டத்தைப் பாடிய அவரது புகழ்பெற்ற கவிதை நூல் 1950களில் ஆங்கிலத்தில் வந்தது. சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் வெளிவர 1969 ஆயிற்று. தோட்ட மக்களின் வாழ்வைச் சொல்லும் உரைநடைச் சித்திரங்கள் 1970இல், அவையும் ஆங்கிலத்தில். பின்னர் 'வீடற்றவன்' போன்ற தமிழ் நாவல்கள். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்போ 1983இல்தான் நூலாயிற்று. அடுத்த ஆண்டே சி.வி. காலமானார். முதலில் காதில் விழுந்தது கடைசியில்தான் நூலாக வந்தது. பிள்ளைப் பருவத்தில் கேட்ட பாட்டுக்கும் அச்சில் வந்த பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர் அவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்களித்து அவரை அனுப்பிய மக்களே நாடற்றவர்களாயினர். அந்த நிலையில் அநீதியை வெளியுலகுக்குச் சொல்ல ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆகவே அவருடைய ஆங்கில எழுத்தை நான் தாகூர் மோகம் என்று ஒதுக்கமாட்டேன். அது ஒரு சமூகத்தின் சார்பில் கொடுக்கப்பட்ட வாக்குமூலம். அதே வேளை, யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அதை வாசிக்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் கடனை அவர் பாடல் தொகுப்பில்தான் தீர்த்தார் எனலாம்.

தாமதத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும் கணக்குப் போட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் கதியை 1974இல் தனியாகப் பேசிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெட்டி படுக்கையுடன் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களோடு எத்தனை பாட்டுகள் போயிருக்கும்! பாட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், பாடுகிறவருக்கு வேண்டும். அறுபதுகளிலேயே அந்தத் தொகுப்பு நூலாகியிருந்தால் இன்னும் பருத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இங்கேதான் எங்கள் ஊர் சாரல்நாடன் முக்கியமாகிறார். சாமிமலையில் 1944இல் பிறந்து, அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் படித்து, தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். இர. சிவலிங்கம் என்ற ஆசிரியர் ஒரு தலைமுறையையே எழுத்தின் பக்கம் திருப்பிய காலம் அது. சிறுகதையாளராகத் தொடங்கிய சாரல்நாடனின் 'மலைக்கொழுந்தி' சிறுகதைத் தொகுதி 1994இல்தான் வந்தது. அதற்கு முன்பே 'சி.வி. சில சிந்தனைகள்' (1986), 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' (1988), 'மலையக வாய்மொழி இலக்கியம்' (1993) ஆகியவற்றை எழுதி முடித்திருந்தார். தம் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களின் வரலாற்றைத் தேடி அலைந்தவர் அவர். ஒரு நல்ல சிறுகதையாளரை நாம் பாதி இழந்தோம் என்று சொல்வோருடன் நான் முரண்படவில்லை. ஆனால் அவர் எழுதியிராவிட்டால், 1921இல் 'தேசநேசன்' நடத்தி, 1925இல் சட்டநிரூபண சபைக்குச் சென்று, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட நடேசய்யர் எங்களுக்கு வெறும் பெயராகவே இருந்திருப்பார். 2014இல் மறையும்வரை கொட்டகலையிலிருந்தே அந்தப் பணியைச் செய்தார் சாரல்நாடன்.

நமது பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகம் புகுந்தவர் பாணந்துறை ம.மு. உவைஸ். தமிழுக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றிய அவரது ஆங்கில ஆய்வு 1953இல் நூலானது. அதை வெளியிட்டது பெரிய பதிப்பகம் ஒன்றல்ல. கண்டிக்கு அருகே கல்ஹின்னை என்ற கிராமத்தில் எஸ்.எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம். அந்த ஒரு நூலின் கருவே பின்னர் மதுரையில் அஜ்மல் கானுடன் சேர்ந்து எழுதிய பல தொகுதி இலக்கிய வரலாறாக விரிந்தது. உவைஸின் ஆர்வத்தைப் பேசுகிற நாம் ஹனிபாவின் அச்சுக் கூலியைப் பேசுவதில்லை. ஆர்வம் உள்ளே இருந்து வருகிறது என்பது சரி. அது அணையாதிருக்க வெளியே ஒருவர் கை பொத்திக் காக்க வேண்டியிருக்கிறது. சி.வி.க்கு அது குடும்ப வசதி, சாரல்நாடனுக்கு ஓர் ஆசிரியர், உவைஸுக்கு ஒரு பேராசிரியரும் ஒரு கிராமத்துப் பதிப்பாளரும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் வாப்பாவின் சில்லறைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் நான் வளர்ந்தேன். உம்மும்மா தம்பியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடுவார். நபிமார்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் தேயிலை மலையும் கலந்த பாட்டு அது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயின்றபோது விரிவுரையாளர் ஒருவர், "உங்கள் வீட்டுப் பாட்டுகளை எழுதி வாருங்கள்" என்றார். எல்லோருக்கும் முன்னே கையை உயர்த்தியவன் நான். அந்த விடுமுறையில் பதினொரு வரி எழுதினேன். மிச்சத்தை அடுத்த விடுமுறையில் எழுதலாம் என்று விட்டேன். பின்னர் நியமனம், கல்யாணம், பிள்ளைகள். உம்மும்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பதினொரு வரிகளின் வரிசை சரிதானா என்று கேட்கக்கூட இப்போது வீட்டில் யாரும் இல்லை. எனக்கும் ஆரம்ப உந்துதல் இருந்தது. சாதனை இல்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற தன் அப்பாயி பாடியதைக் கைப்பேசியில் பதிந்து வந்தாள். இடையே கோழி கூவுகிறது, யாரோ தண்ணீருக்குக் கூப்பிடுகிறார்கள். பாட்டு முழுதாக இருக்கிறது. "சேர், இதை என்ன செய்வது?" என்று கேட்டாள். அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து எழுதினோம். பாடியவர் பெயர், தோட்டம், திகதி எல்லாவற்றையும் மேலே குறித்துக்கொண்டோம்.

அவள் எழுத்தாளராவாளா என்று எனக்குத் தெரியாது. அதை முளையிலேயே சொல்லும் துணிவும் இப்போது எனக்கு இல்லை. நமது சஞ்சிகைகள் பெரியவர்களின் நினைவு மலர்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை இப்படிப்பட்ட பாடல்களுக்கு ஒதுக்கினால் நல்லது. சி.வி. அறுபத்தொன்பது வயதில் செய்து முடித்ததை இந்தப் பிள்ளைகள் பதினான்கு வயதில் தொடங்கட்டும்.