திரும்பிப் போகிறவர்களின் துறை

காலநிலை மாற்றம் உலகம் தழுவிய சிக்கல். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பழைய மானிடவியலுக்கு அதில் வேலையில்லை. சூழலியல் மானிடவியல் வட்டாரத்தில் இப்போது செல்வாக்காக இருக்கும் கருத்து இதுதான். கருத்தரங்க அழைப்புகளிலும் தொகுப்பு நூல்களின் முன்னுரைகளிலும் மங்கல வாழ்த்து மாதிரி முதலில் இது வந்துவிடுகிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்கள்: மானிடவியல் காலநிலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதே இந்த நூற்றாண்டில்தான் என்று. பின்னது வெறும் மறதி, மன்னித்துவிடலாம். முன்னதை மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் பல்கலைக்கழகங்கள் அதை நம்பித்தான் ஆளெடுக்கின்றன.

மறதியை முதலில் முடித்துவிடுவோம். மானிடவியலாளர் மார்கரெட் மீடைச் சமோவா ஆய்வோடு நிறுத்திவிடுவது பலருக்கும் வழக்கம். அவர் 1975இல் வில்லியம் கெல்லாக் என்ற வளிமண்டல அறிவியலாளரோடு சேர்ந்து அமெரிக்காவின் வட கரோலினாவில் வளிமண்டலத்துக்கு நேர்ந்திருக்கும் ஆபத்து பற்றி ஒரு மாநாடு கூட்டினார். அறிவியலாளர்களான ஸ்டீபன் ஷ்னைடரும் ஜேம்ஸ் லவ்லாக்கும் அதில் கலந்துகொண்டார்கள். இன்னும் பின்னால் போனால், 1883இல் பாஃபின் தீவின் கரையை வரைபடமாக்கப் போன ஃபிரான்ஸ் போவாஸ், கடற்பனியை ஒட்டி இனுயிட் மக்கள் இடம் மாறுவதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். இனுயிட்டுகளின் கோடைச் சமூகமும் குளிர்காலச் சமூகமும் வேறுவேறு என்று மார்செல் மோஸ் எழுதினார். சூடானின் நுவர் மக்களின் காலக் கணக்கை மழையோடும் வறட்சியோடும் பொருத்திக் காட்டினார் இவான்ஸ்-பிரிச்சர்ட். ஜூலியன் ஸ்டூவர்டின் பண்பாட்டுச் சூழலியல், நியூகினியின் செம்பாகா மாரிங் மக்களின் பன்றித் திருவிழாவைச் சூழல் சமநிலையின் விசையாகக் கண்ட ராய் ரப்பபோர்ட்டின் 1968ஆம் ஆண்டு நூல், சமநிலையை விட்டுவிட்டு நிலம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்ற எரிக் வுல்ஃப்: இந்த வரிசை தெரிந்ததே. ரப்பபோர்ட்டை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் அவர் கிழங்குத் தோட்டத்தை எடைபோட்டு அளந்த பொறுமையில் பாதி, அவரைக் கேலி செய்கிறவர்களிடம் இல்லை.

இந்தப் பட்டியலில் விடுபடும் ஒருவரிடம்தான் நான் நிற்க வேண்டும். எலிசபெத் கோல்சன் (1917–2016) 1946இல் வட ரொடீசியாவுக்கு, அதாவது இன்றைய சாம்பியாவுக்கு, வந்து பீடபூமித் தோங்கா மக்களிடையே வேலை தொடங்கினார். பத்து ஆண்டு கழித்து, சாம்பெசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை எழுந்துகொண்டிருந்தபோது, தேயர் ஸ்கடர் என்ற இளம் ஆய்வாளரோடு குவெம்பே பள்ளத்தாக்குக்குப் போனார். மூழ்கப்போகும் ஊர்களை மூழ்குமுன் பதிவு செய்வது, பிறகு அதே மக்களைப் புதிய இடத்தில் போய்ப் பார்ப்பது என்பது ஏற்பாடு. ஆற்றின் இரு கரையிலுமாக ஏறத்தாழ 57,000 பேர் அகற்றப்பட்டார்கள். 1958 செப்டம்பரில், போக மறுத்துத் திரண்டவர்களில் எட்டுப் பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வெள்ளம் வடிந்த ஈரத்தில் கோடைப்பயிர் தந்த ஆற்றங்கரைத் தோட்டங்கள் ஏரிக்கடியில் போயின.

இருவரும் 1962இல் திரும்பிப் போனார்கள். அதோடு நிறுத்தவில்லை. போய்க்கொண்டே இருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் புதிய ஏரியில் மீன் கொழித்தது, ஊரில் காசு புழங்கியது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆய்வை மூடியிருந்தால் குவெம்பே ஒரு வெற்றிக்கதையாகப் பதிவாகியிருக்கும். மூடாததால், அதே பத்தாண்டின் நடுவிலிருந்து மண்ணும் வருமானமும் உறவுகளும் தேய்ந்ததையும் பார்க்க நேர்ந்தது. பெயர்க்கப்பட்டவர்கள் முதல் சில ஆண்டுகளில் புதியதை முயலாமல் பழகிய பயிரையும் சொந்தபந்தத்தையும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும், ஒரு மீள்குடியேற்றத்தைத் தீர்ப்பிட இரண்டு தலைமுறை வேண்டும் என்பதும் அவர்கள் கண்டவை. அலாஸ்காவில் கடலரிப்புக்கு அஞ்சி இடம்பெயர 2002இல் வாக்களித்த ஷிஷ்மரெஃப் ஊரைப் பற்றிப் பேசும் காலநிலை வல்லுநர்கள் இதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.

கோல்சன் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை, பஞ்சத்தை எதிர்பார்த்து வாழும் சமூகங்கள் கையாளும் வழிகளை ஐந்தாக வகுத்தது: பலவகைப் பயிரும் தொழிலும், உணவுச் சேமிப்பு, பஞ்சகால உணவு பற்றிய அறிவைக் கைமாற்றுவது, உபரியை அழியாத பொருளாக மாற்றிவைப்பது, தொலைவிலுள்ளோரிடம் உறவு வளர்ப்பது. இன்றைய தகவமைப்பு அறிக்கைகள் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டு இதைத்தான் புதிதாகச் சொல்கின்றன. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1984இல் ஓய்வு பெற்றவர், கடைசியில் சாம்பியாவின் மோன்சேவிலேயே குடியிருந்து, தொண்ணூற்றொன்பதாம் வயதில் அங்கேயே இறந்தார். கரிபாவின் மின்சாரம் தாமிரச் சுரங்கங்களுக்குப் போனது. அணைக்காக ஊரை இழந்தவர்களின் பல கிராமங்களுக்கு அது வந்து சேரவே இல்லை. 2024 வறட்சியில் ஏரி வற்றி, சாம்பியாவின் நகரங்கள் இருளில் கிடந்தன.

துறையின் நல்ல காலம் என்று நான் நினைப்பது 1990 முதல் 2010 வரை. 1970களிலிருந்தே பெருவின் மலைகளில் வேலை செய்துவந்த பென் ஆர்லவ், இரண்டு காலநிலை அறிவியலாளர்களோடு சேர்ந்து 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அதன் உச்சம். ஆண்டிஸ் உழவர்கள் ஜூன் மாதத்தில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை விடியுமுன் பார்ப்பார்கள். அது மங்கித் தெரிந்தால் உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். எல் நினோ ஆண்டுகளில் உயரே படரும் மென்முகில் விண்மீன்களை மங்கவைக்கிறது, மாதங்கள் கழித்து மழையும் குறைகிறது என்று கட்டுரை காட்டியது. உழவரையும் செயற்கைக்கோளையும் இப்படி ஒரே வாக்கியத்தில் உட்காரவைக்க, உழவரோடு பல காலம் உட்கார்ந்திருக்க வேண்டும். சைபீரியாவின் சகா மக்களிடம் 1990களிலிருந்து போய்வந்த சூசன் கிரேட், கடுங்குளிரின் உருவமான குளிர்காலக் காளை முன்போல் வருவதில்லை என்று முதியோர் சொன்னபோது அதில் நிரந்தரப் பனி உருகும் செய்தியைக் கேட்டார். அவர்களின் மொழி தெரியாத ஒருவர் அதை நாட்டார் கதை என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்.

பிறகு வந்தது ஆந்த்ரபொசீன், அதாவது மனிதரே புவியை மாற்றும் யுகம் என்ற கருத்து. அன்னா ட்சிங்கின் மட்சுடாகே காளான் நூல் (2015) வசீகரமானது. அவரைப் பார்த்து எழுதியவர்களின் நடை சகிக்க முடியாதது. காளான், பாசி, நுண்ணுயிர், பாறை எல்லாம் பேசத் தொடங்கின, விவசாயி மட்டும் வாய் மூடிக்கொண்டார். நிலவியலாளர்களே 2024 மார்ச்சில் அந்த யுகத்தை வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள். மானிடவியல் துறைகளில் அது பற்றிய பாடங்கள் அசையவில்லை.

விதிவிலக்கு உண்டு. கமீலியா தேவான் 2021இல் வெளியிட்ட வங்கக் கழிமுகம் பற்றிய நூல், உப்பேறுவதற்கும் நீர் தேங்குவதற்கும் கடல்மட்ட உயர்வை மட்டும் காட்டும் சோம்பேறித்தனத்தைத் தோலுரிக்கிறது. 1960களில் எழுந்த கரையணைகள் ஆற்றில் வண்டலை அடைத்தன, பிற்பாடு இறால் பண்ணைக்காக உப்புநீரை உள்ளே விட்டார்கள். கொடையாளர் பணத்துக்காகத் திட்டங்களில் காலநிலை என்பதை மசாலா போலத் தூவுகிறார்கள் என்று வளர்ச்சித் துறைக்காரர்களே அவரிடம் சொன்னார்கள்.

அதே மசாலா இப்போது பல்கலைக்கழக வேலை விளம்பரங்களிலும் தூவப்படுகிறது. ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் பெருநல்கை 25 லட்சம் யூரோ வரை தரும், ஐந்தாண்டுக்குத்தான். மேரி கியூரி முனைவர்மேலாய்வு ஐரோப்பாவுக்குள் இரண்டாண்டுக்கு மேல் இல்லை, அதற்கும் நாடு மாறியாக வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு நாடு என்று பெட்டி கட்டுகிறவர், மண்ணோடு மக்களுக்குள்ள பிணைப்பு பற்றி எழுதி நிரந்தரப் பணி தேடுகிறார். களம் என்பது முனைவர் பட்டத்துக்காக ஒரு முறை போய்வந்த இடமாகிவிடுகிறது. அந்த ஒரு வருகையைப் பத்துக் கட்டுரையாக நீட்டுவதே தேர்ச்சி. பணம் தருகிறவர் மனம் மாறினால் அதுவும் இல்லை. அமெரிக்க அரசு 2025 ஏப்ரலில் தேசியக் காலநிலை மதிப்பீட்டின் ஏறத்தாழ 400 ஆசிரியர்களை ஒரே நாளில் விடுவித்தது.

குவெம்பே ஆய்வு, ஊர்க்காரர்களையே குறிப்பேடு எழுதும் உதவியாளர்களாக வைத்துத் தொடர்ந்தது. நீலகிரி–வயநாட்டுக் காடுகளில் 1970களின் கடைசியில் காட்டுநாயக்கர்களிடம் தங்கிய நூரித் பேர்ட்-டேவிட், அவர்களைப் பற்றிய தம் பெரிய நூலை 2017இல்தான் கொண்டுவந்தார். இன்றைய பதவி உயர்வுக் குழு இவ்வளவு காலம் காத்திருக்காது. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை: திரும்பிப் போவதற்கு விடுப்பும் சிறு பணமும் உறுதி செய்த பதவிகள் சில, களத்து ஊர்க்காரர்களுக்குச் சம்பளமுள்ள ஆய்வாளர் பணி சில. ஒரு பெருநல்கையின் காசில் இப்படிப் பல இடங்களை நெடுங்காலம் நடத்தலாம்.

இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள், நெறியாளர் கடைசியாக எழுதிய நூல் எது என்று கேட்பதற்கு முன், கடைசியாக எப்போது களத்துக்குப் போனார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறொருவரைத் தேடுங்கள்.