டோவர் வீட்டின் நான்காவது பெண்

1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டோவர் என்ற ஊரில் ஒரு சூரிய வீட்டை மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். வீட்டை வரைந்தவர் கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட். வெப்ப ஏற்பாடு விஞ்ஞானி மரியா டெல்கெஸுடையது. பணம் தந்தவர் சிற்பி அமீலியா பீபாடி. தெற்குப் பார்த்த கண்ணாடி வழியே வந்த வெயிலின் சூட்டில், சுமார் 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பு உருகும். மீண்டும் உறையும்போது அந்தச் சூட்டை அறைகளுக்குத் தரும்.

இதை வகுப்பில் பல ஆண்டுகள் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். இப்போது என் சொல்முறையே என்னை உறுத்துகிறது. டெல்கெஸை மட்டும் ‘சூரிய ராணி’ என்று கொண்டாடும்போது, மூவரின் கூட்டுழைப்பு ஒற்றை மேதையின் கதையாகிவிடுகிறது. ஆண்களின் வரலாற்றை எழுதிய அதே அச்சுதான் இது.

சில குளிர்காலங்களுக்குள் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, ஏற்பாடு பழுதானது. எந்த அறை முதலில் குளிர்ந்தது என்பது, குழந்தையோடு அங்கே குடியிருந்த பெண்ணுக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் டெல்கெஸின் உறவுக்காரக் குடும்பத்தவர். அந்த வீட்டை வாழ்ந்து சோதித்தவர் அவர். மூவரை மீட்டெடுத்த நாம் நான்காமவரையும் அந்தக் குழுவில் சேர்க்காதவரை, நாம் எழுதும் வரலாறும் பாதிதான்.