பேரேடும் பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கொடிவழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களின் துணைகொண்டு மீட்பது, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குப் பெயர்களைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒரு வாசிப்புக் கலை. வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் கரோலினாக்களிலும் கவுண்டி நீதிமன்றங்கள் காத்துவைத்திருக்கும் பேரேடுகளில் ஒன்றுகூட, இன்னார்க்கு இன்னார் பிள்ளை என்று பின்வரும் தலைமுறைக்குச் சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. பரப்பில் நம் மாவட்டத்தைவிட வட்டத்தையே பெரும்பாலும் ஒத்தது. வரி தண்டவும், நிலத்தின் உரிமையை நிலைநாட்டவும், இறந்தவரின் கடனைத் தீர்க்கவும் அங்கே எழுதிவைத்த கணக்குகளே இன்று கையில் இருப்பவை. தாய்ப்பத்திரம் தேடிப் போகிறவர் நிலம் கைமாறிய தடத்தைப் பிடிக்கிறார். கொடிவழி ஆய்வாளரோ அதே பத்திரத்தில் நிலத்துக்கு அடியில் ஓடும் உறவின் தடத்தைப் பிடிக்கிறார். கேட்கப்படாத கேள்விக்கு ஆவணம் தன்னையறியாமல் சொல்லிவிடும் விடையைக் கண்டுகொள்வதில்தான் இக்கலையின் சுவை அடங்கியிருக்கிறது.

பயிற்சி எழுத்திலிருந்தே தொடங்குகிறது. இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தைக் கீழ்மேலாக நீட்டி எழுதும் பழைய வழக்கம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பல எழுத்தர்களிடம் நீடித்தமையால், 'ஜெஸ்ஸி' என்னும் பெயர் பழகாத கண்ணுக்கு 'ஜெஃப்சி' என்றோ 'ஜெப்பி' என்றோ படும். ஜானை மூன்றெழுத்துச் சுருக்கமாக எழுதுவார்கள். அந்தச் சுருக்கத்தில் 'என்' இருப்பதைக் கண்டு அதை ஜோனதன் என்று விரித்தவர்கள் பலர். செல்லப் பெயர்கள் இன்னும் நயமாக ஏமாற்றும். பாலி என்பவள் மேரி, பேட்ஸி என்பவள் பெரும்பாலும் மார்த்தா, சாலி என்பவள் சாரா. தந்தையின் உயிலில் மேரியாக இருப்பவளே திருமணப் பிணைப்பத்திரத்தில் பாலியாக வருவாள். இருவரும் ஒருவரே என்று காணாதவர் ஒரு கிளையையே வெட்டிவிடுவார். பிணைப்பத்திரம் என்பது, மணத்துக்குச் சட்டத்தடை எதுவும் இல்லையென்று மணமகன் ஒரு தொகைக்கு உறுதி எழுதிக்கொடுத்த ஆவணம். அதில் உடன் கையெழுத்திட்ட பிணையாளர் பல வேளைகளில் மணமகளின் தமையனோ தந்தையோ ஆவதால், தேர்ந்த வாசகரின் கண் மணமக்களின் பெயரைக் கடந்து அந்த மூன்றாம் பெயரில் போய் நிற்கும்.

சொற்களும் அன்று பூண்டிருந்த பொருளிலேயே படிக்கப்பட வேண்டியவை. நீதிமன்ற ஏட்டில் 'அநாதை' என்று குறிக்கப்பட்ட பிள்ளைக்குத் தாய் உயிரோடு இருக்கலாம். தந்தை இறந்து, பிள்ளைக்குச் சொத்து வரவிருந்தால் சட்டம் அதை அநாதை என்றே அழைத்தது. 'குழந்தை' என்னும் சட்டச்சொல் இருபத்தோரு வயது நிரம்பாத எவரையும் குறிக்குமாதலால், மீசை முளைத்த இளைஞனும் ஏட்டில் குழந்தையே. மருமகன் என்று இன்று பொருள்படும் சொல், பழைய உயில்களில் மனைவிக்கு முன் மணத்தில் பிறந்த மகனைக் குறிப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் மிகுதியாகக் கால் இடறுமிடம், பெயருக்குப் பின் வரும் 'மூத்தவர்', 'இளையவர்' என்னும் அடைகள். ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்தக் கணக்கர் வைத்துக்கொண்ட அடையாளங்கள் அவை. அவர்கள் தந்தையும் மகனுமாகவோ, பெரியப்பனும் தம்பி மகனுமாகவோ, உறவே இல்லாதவர்களாகவோ இருக்கலாம். மூத்தவர் இறந்த மறு ஆண்டே இளையவர் 'மூத்தவர்' ஆகிவிடவும் கூடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பெரும்பாலோர்க்கு நுழைவாயில். 1790 முதல் 1840 வரை எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுப் பிரிவுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது 1850இல்தான். குடும்பத் தலைவர்க்கு அவர் என்ன உறவு என்பதைக் கேட்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஆகவே 1850 முதல் 1870 வரையிலான ஏடுகளில் ஒரே கூரையின்கீழ் வரும் பெண்ணை மனைவியென்று துணிவதும் சிறுவனை மகனென்று துணிவதும் வாசகரின் ஊகமேயன்றி ஏட்டின் கூற்றல்ல. பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய கணக்கெடுப்பாளர்கள் வயதையும் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள்; ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகள் அவ்வேடுகளில் குவிந்து கிடக்கின்றன. 1890ஆம் ஆண்டின் ஏடுகளோ வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் 1921 ஜனவரியில் மூண்ட தீயில் பெரிதும் அழிந்தன. எஞ்சிய துண்டுகளில் ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே உள்ளன. 1880க்கும் 1900க்கும் இடையிலான இந்த வெற்றிடத்தில் ஒரு தலைமுறை மணம் முடித்து ஊர் மாறிவிடுகிறது.

தீ என்றதும் தென்னகத்தில் நினைவுக்கு வருவது வாஷிங்டன் அல்ல, ரிச்மண்ட். உள்நாட்டுப் போரின்போது கிழக்கு வர்ஜீனியாவின் பல கவுண்டிகள் பாதுகாப்பு கருதித் தம் பேரேடுகளைத் தலைநகரான ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன; 1865 ஏப்ரலில் தென்னகப் படைகள் நகரைக் கைவிட்டபோது பரவிய தீயில் அவை எரிந்தன. 'எரிந்த கவுண்டி' என்பது அத்துறையில் ஒரு கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. அங்கே கைகொடுப்பவை, ஆண்டுதோறும் படியெடுத்து மாநிலக் கணக்குத் துறைக்கு அனுப்பப்பட்ட வரிப் பட்டியல்கள். சுவையற்றவையாகத் தோன்றும் இவற்றை ஆண்டுக்கு ஆண்டு அடுக்கிப் படிக்கையில், ஒரு வீட்டின் வாழ்க்கை மெல்ல அசையத் தொடங்கும். தந்தையின் பெயருக்கு எதிரே வரிக்குரிய ஆண்மகன் ஒருவன் கூடுகிறான். சில ஆண்டுகளில் அவன் தன் பெயரிலேயே ஒரு குதிரையோடு தனி வரியில் நிற்கிறான். பின்னர் தந்தையின் பெயர் மறைந்து, அதே இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் இல்லாத இடத்தில், மகன் வயதுக்கு வந்ததையும் தாய் விதவையானதையும் வரி தண்டுபவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நிலப் பத்திரங்களில் பெண்ணின் குரல் கேட்கும் இடம் ஒன்று உண்டு. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை மனைவி தன் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழியாகத் தென்னகத்துக்கும் வந்தது. கணவன் நிலத்தை விற்கையில் அந்த உரிமையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தமையால், நீதிபதிகள் அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, அச்சமோ வற்புறுத்தலோ இன்றி இசைகிறாளா என்று விசாரித்துப் பத்திரத்தின் கீழே எழுதிவைத்தார்கள். சம்பிரதாயமான இந்த நாலு வரியில்தான் பல குடும்பங்களின் பாட்டிக்கு முதன்முதலாக ஒரு பெயர் கிடைக்கிறது.

இனி இக்கலையின் மிகக் கடினமான பகுதி. 1850இலும் 1860இலும் அடிமைப்படுத்தப்பட்டோர்க்கெனத் தனி அட்டவணை எழுதப்பட்டது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கிறது. அவருக்குக் கீழே வரிசை வரிசையாக வயது, பால், நிறம். மிகச் சில ஊர்கள் நீங்கலாக, அம்மனிதரின் பெயர் எழுதப்படவே இல்லை. 34, பெண், கறுப்பு. 12, ஆண், கறுப்பு. 9, பெண், கலப்பு நிறம் என்று இறங்கிச் செல்லும் அந்தப் பத்தியில் ஒரு தாயும் பிள்ளைகளும் நிற்கிறார்களா, அல்லது வயதுக்கேற்ப அடுக்கிய வெறும் பட்டியலா என்று ஏடு சொல்வதில்லை. விடுதலைக்குப் பின் 1870இல் எடுத்த கணக்கிலேயே இம்மக்களில் பெரும்பாலோர் முதற்பெயரும் குடும்பப் பெயருமாகத் தோன்றுகிறார்கள். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக்கும் தமிழ் வழக்குக்கு மாறாக, அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தோறும் தொடர்வது. ஆனால் விடுதலை பெற்றவர் அப்பெயரைக் கடைசி உடைமையாளரிடமிருந்தே எடுத்துக்கொண்டார் என்பது எளிய ஊகமேயன்றி விதியல்ல. முந்தைய உடைமையாளரின் பெயரையோ, தந்தை வழங்கிவந்த பெயரையோ, தாமே விரும்பிய ஒன்றையோ அவர்கள் சூடிக்கொண்டதுண்டு.

1870இலிருந்து பின்னே செல்லும் வாசகருக்குப் பாலமாக அமைவது, மனதைக் கூசச் செய்யும் ஓர் ஆவணம்: இறந்த உடைமையாளரின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல். நீதிமன்றம் அமர்த்திய அண்டைவீட்டார் சிலர் தோட்டத்தைச் சுற்றிவந்து, கலப்பை, குதிரை, சமையல் பானை, இறகு மெத்தை என்று எழுதிக்கொண்டே வருகையில், அதே கையெழுத்தில், அதே மசியில், மனிதர்களையும் டாலர் விலையோடு எழுதினார்கள். கணக்கெடுப்பு தர மறுத்த பெயரைத் தருவது இந்தப் பட்டியல்தான். மனிதரைப் பண்டமாக்கிய தாளே அவர் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. கைக்குழந்தை தாயோடு சேர்த்து ஒரே விலைக்கு எழுதப்படுவதால், 'ஹானாவும் பிள்ளையும்' என்பது போன்ற ஒரு வரி, உறவைச் சொல்ல எண்ணாமலே தாயையும் சேயையும் கட்டிவைத்துவிடுகிறது. விலை இல்லை என்று குறித்த முதியவளின் பெயர், அந்த வீட்டுக் கொடிவழியின் மிகப் பழைய கண்ணியாக இருக்கக்கூடும். பட்டியலைத் தொடர்ந்து வரும் பாகப்பிரிவினை, யார் எந்த வாரிசின் பங்கில் விழுந்தார் என்று சொல்கிறது. உடைமையாளரின் மகள் மணமாகி அலபாமாவுக்கோ மிசிசிப்பிக்கோ போயிருந்தால், அவள் பங்கில் விழுந்தவரின் தடமும் அங்கேதான் தொடரும். கறுப்பினக் குடும்பத்தைத் தேடுபவர் வெள்ளையினக் குடும்பம் ஒன்றின் கொடிவழியையும் முழுதாகக் கற்றாக வேண்டியிருப்பது இதனால்தான்.

இம்முறையின் வலிமையை ஜார்ஜ்டவுன் ஆவணங்களில் காணலாம். மேரிலாந்தின் இயேசு சபைத் துறவியர் 1838இல் 272 பேரை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். அப்பணத்தில் ஒரு பகுதி, கடனில் தத்தளித்த ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காக்கச் சென்றது. ஆவணம் பேணுவதில் துறவியர் கெட்டிக்காரர்களாதலால், பெயரும் வயதும் குடும்ப வரிசையும் கொண்ட பட்டியல் எஞ்சியது. அதில் கார்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிறுவனுக்கு வயது 13. அடிமைகளைக் கடல்வழியே மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லும் கப்பல்தலைவர்கள் பெயர், வயது, உயரம் முதலியவற்றோடு பட்டியல் தர வேண்டுமென்று 1807ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவ்வாறு நியூ ஆர்லியன்சுக்கு வந்த கேத்தரின் ஜாக்சன் என்னும் கப்பலின் பட்டியலில் அவர் இருக்கிறார். உடைமையாளர் இறந்தபின் 1851இல் எழுதிய மதிப்பீட்டில், கோவேறு கழுதைகளோடும் பன்றிகளோடும் மாட்டு வண்டிகளோடும் 900 டாலர் விலையில் மறுபடி வருகிறார். 1870 கணக்கில் மனைவி மக்களோடு கூடிய, ஏறத்தாழ 48 வயதுப் பண்ணைத் தொழிலாளி. 13ஐயும் 48ஐயும் வைத்துக் கூட்டிக் கழித்தால் மூன்றாண்டு இடிக்கிறது. அந்த இடிப்பைத் தேய்த்துச் சரிசெய்யாமல் இரண்டையும் அருகருகே விட்டுவைத்து, ஊரும் உடைமையாளரும் சமயமும் ஒத்துவருவதைக் கொண்டு ஆள் ஒருவரே என்று நிறுவுவதுதான் தேர்ச்சி.

இத்தகைய நிதானம் இல்லாதபோது நேர்வதற்கும் புகழ்பெற்ற சான்று உண்டு. அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'ரூட்ஸ்', லட்சக்கணக்கானோரை ஆவணக் காப்பகங்களின் வாசலுக்கு அழைத்துவந்த நூல். அந்த நன்றி அதற்கு என்றும் உரியது. ஆயினும் கேரி மில்ஸும் எலிசபெத் ஷோன் மில்ஸும் வர்ஜீனியாவின் பத்திரங்களைப் புரட்டியபோது, 1767இல் கப்பலில் வந்திறங்கிய தம் மூதாதையாக ஹேலி காட்டிய டோபி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்குள்ள ஏடுகளில் இருப்பதைக் கண்டார்கள். பெயர் ஒத்தது, ஆள் ஒக்கவில்லை. எலிசபெத் மில்ஸ் பின்னர் வலியுறுத்திய நெறி எளியது: ஒருவரைத் தனியே தேடாமல் அவருடைய நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் எல்லோரையும் சேர்த்துத் தேட வேண்டும். சாட்சிக் கையெழுத்திட்டவர், பிணை நின்றவர், வேலி பகிர்ந்தவர் ஆகியோரின் வலையில் ஒருவர் பொருந்தி அமர்ந்தாலன்றி, பெயரொற்றுமை ஒன்றுக்கும் உதவாது.

உறவைக் கேட்டு எழுதிய ஏடுகளும் அந்நூற்றாண்டில் இல்லாமல் போகவில்லை. 1865இல் தோன்றி 1874இல் நொடித்துப்போன விடுதலையானோர் சேமிப்பு வங்கி, கணக்குத் தொடங்க வந்தவரை அடையாளம் கண்டுகொள்ளும் பொருட்டு, பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி, மக்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டது. முன்னைய உடைமையாளரின் பெயரையும் தொடக்ககாலப் படிவங்கள் கேட்டன. போட்ட பணத்தைப் பலர் இழந்தார்கள். சொல்லிவைத்த பெயர்கள் மிஞ்சின.

இவற்றையும்விட நேரானவை, நியூ ஆர்லியன்சிலிருந்து வந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்னும் இதழ் 1879 முதல் வெளியிட்ட, தொலைந்த உறவினரைத் தேடும் அறிவிப்புகள். சந்தாதாரர் அல்லாதோர்க்குக் கட்டணம் ஐம்பது சென்ட். விற்கப்பட்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், தாயின் பெயர், தாயை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர், அண்ணன் தங்கையரின் பெயர்கள், எந்த ஊரில் பிரிந்தோம், வாங்கிச் சென்றவர் யார் என்னும் விவரங்களை, பிரிந்தவர்கள் தம் நினைவிலிருந்தே வரிசையாகச் சொல்லி எழுதுவித்தார்கள். காப்பகத்தில் அமர்ந்து பிற்காலத்தவர் செய்யும் வேலையை, பேரேட்டைக் கண்ணால் காணாமலே அவர்கள் முன்னரே செய்துவைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் செவியிலும் அப்பெயர்கள் விழவேண்டுமென்று, திருச்சபைப் போதகர்கள் அவற்றைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்குமாறு இதழ் கேட்டுக்கொண்டது.